நடுப்பகலில் மீன் எங்கே போகிறது?

மே மாதத்தில் திருவானைக்காவலுக்கு வடக்கே கொள்ளிடம் பெரும்பாலும் ஓடுவதில்லை. கரையில் நின்று பார்த்தால் எதிரே நம்பர் ஒன் டோல்கேட் பக்கம் வரை மணல்தான். பாலத் தூண்களைச் சுற்றியும் மணல் தாழ்ந்த இடங்களிலும் மட்டும் பச்சை நிறத்தில் மடுக்கள் தேங்கிக் கிடக்கும். பள்ளி விடுமுறைப் பிள்ளைகளும், வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் வாய்த்த பெரியவர்களும் மூங்கில் தூண்டிலோடு அங்கே வந்துவிடுவார்கள். காலை ஏழு மணிக்கு மண்புழுவைக் கோத்துப் போட்டால் தக்கை நிலையாக நிற்க நேரமிருக்காது. ஜிலேபி, கெண்டை, கெளுத்தி என்று ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும். பத்து மணிக்கு மேல் அதே மடு, அதே புழு, அதே ஆள். தக்கை மட்டும் அசையாது. "வெயில் ஏறிடுச்சு, இனிமே எடுக்காது" என்று நரம்பைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மாலை ஐந்தரைக்கு மேல் மீன் மறுபடி கடிக்கத் தொடங்கும்.

சுற்றிலும் சுடுமணல் இருக்கையில் மீன்கள் மடுவை விட்டு எங்கும் போயிருக்க முடியாது. அப்படியானால் நடுப்பகலில் அவை எங்கே ஒதுங்குகின்றன? ஏன் தின்ன மறுக்கின்றன?

"அடிக்குப் போயிடும், அங்க குளுமையா இருக்கும்" என்பது கரையில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதி சரி. அடியில் குளுமை உண்டு. ஆனால் கோடை மடு பலவற்றில் அந்த அடித்தண்ணீரில் மூச்சுவிட முடியாது. மீனுக்குத் தாங்கக்கூடிய வெப்பம், போதுமான ஆக்சிஜன், பகைவர் கண்ணில் படாத வெளிச்சம் என்ற மூன்றும் வேண்டும். இந்த மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடுவது கோடையில் அரிது. நாளுக்கு இரண்டு முறை, சில மணி நேரம் மட்டுமே அவை ஓரளவு ஒத்துப்போகின்றன. தூண்டில்காரர்கள் அனுபவத்தால் கண்டுபிடித்து வைத்திருப்பது அந்த நேரத்தைத்தான்.

முதலில் வெப்பத்தைப் பார்ப்போம். மனித உடல் வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் தன் சூட்டை 37 டிகிரி செல்சியஸ் அளவிலேயே வைத்துக்கொள்ளும். மீனுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. தண்ணீர் என்ன சூடோ, மீனின் உடலும் ஏறக்குறைய அதே சூடு. உடலுக்குள் நடக்கும் வேதி வினைகள் எல்லாம் சூடு ஏற ஏற வேகம் பிடிக்கும். பொதுவாக 10 டிகிரி கூடினால் மீன் சும்மா இருக்கும்போதே செலவிடும் ஆக்சிஜன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஜனவரியில் 24 டிகிரித் தண்ணீரில் நிதானமாக மூச்சுவிட்ட கெண்டை, மே மாதத்தில் 34 டிகிரியைத் தொடும் மடுவில் ஓர் இடத்தில் அசையாமல் நின்றாலும் இரட்டிப்பு மூச்சு வாங்க வேண்டும்.

இதை அளக்கும் முறை எளிது. மூடிய தொட்டியில் மீனை விட்டு, உள்ளே போகும் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன், வெளியே வரும் தண்ணீரில் எவ்வளவு என்று பார்த்தால், இடைவெளி மீன் எடுத்துக்கொண்டது. கனடா நாட்டு உயிரியலாளர் எஃப். இ. ஜே. ஃப்ரை இத்தகைய அளவீடுகளைக் கொண்டு 1947இல் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். ஓய்வில் இருக்கும் மீனின் செலவு ஒரு கணக்கு. முழு மூச்சாக நீந்தும்போது அதனால் எடுக்க முடிகிற ஆக்சிஜன் இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவதைக் கொண்டுதான் மீன் இரை தேடவும், செரிக்கவும், வளரவும், இணை சேரவும் முடியும். இந்த மிச்சத்தைச் 'செயல் இருப்பு' என்று சொல்லலாம். வெப்பம் ஓர் எல்லைக்கு மேல் ஏறும்போது ஓய்வுச் செலவு கூடிக்கொண்டே போகும். மீனால் எடுக்க முடிகிற ஆக்சிஜன் அதே வேகத்தில் கூடாது. செயல் இருப்பு சுருங்கிவிடும். இரையைச் செரிப்பதற்கே கூடுதல் ஆக்சிஜன் வேண்டும் என்பதால், இருப்புச் சுருங்கிய மீன் புழு கண்ணெதிரே தொங்கினாலும் தொடாது. சோம்பல் என்று கரையில் தோன்றுவது, உள்ளே அந்த மீன் உயிரைக் காத்துக்கொள்ளும் வழி.

இரண்டாவது, தண்ணீருக்குள் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பது. நீரின் மூலக்கூறில் உள்ள ஆக்சிஜனை மீன் எடுப்பதில்லை; அது ஹைட்ரஜனோடு இறுகப் பிணைந்தது. மீன் எடுப்பது காற்றிலிருந்து தண்ணீரில் வந்து கலந்திருக்கும் தனி வாயுவை. இதைக் 'கரைந்த ஆக்சிஜன்' என்கிறார்கள். இது சூட்டுக்கு எதிராக நடந்துகொள்ளும். பெட்டியிலிருந்து எடுத்த சில்லென்ற பன்னீர் சோடாவில் நுரை நெடுநேரம் நிற்கும். வெயிலில் வைத்திருந்த புட்டியைத் திறந்தால் வாயு ஒரே சீறலில் வெளியேறி, மிச்சம் இனிப்புத் தண்ணீராகிவிடும். சூடான நீரில் வாயு தங்காது என்ற அதே விதிதான் மடுவிலும். காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீர் ஒரு லிட்டரில் 20 டிகிரியில் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகிறது. 35 டிகிரியில் 7க்கும் சற்றுக் குறைவு. செலவு இரட்டிக்கும் நேரத்தில் வரவு குறைகிறது.

இந்த 7 மில்லிகிராம் எவ்வளவு சொற்பம் என்பதைக் காற்றோடு ஒப்பிட்டால்தான் தெரியும். நாம் சுவாசிக்கும் காற்றில் லிட்டருக்கு 270 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் இருக்கிறது. மடு நீரைவிட முப்பது மடங்குக்கும் அதிகம். போதாக்குறைக்குத் தண்ணீர் காற்றைவிடப் பல நூறு மடங்கு கனமானது. அதை வாய்வழியாக இழுத்துச் செவுள் வழியாகத் தள்ளுவதே பெரிய உழைப்பு. மீன்கள் இதைச் சமாளிக்கும் விதம் வியக்க வைப்பது. செவுளின் மெல்லிய தகடுகளில் இரத்தம் ஒரு திசையில் ஓட, தண்ணீர் அதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஆக்சிஜனை ஏற்கெனவே ஓரளவு ஏற்றிக்கொண்ட இரத்தம், தகட்டின் மறுமுனையில் இன்னும் புதிய தண்ணீரைச் சந்திக்கிறது. அதனால் தகட்டின் நெடுக எந்த இடத்திலும் நீரில் உள்ள ஆக்சிஜன் இரத்தத்தில் உள்ளதைவிடக் கூடுதலாகவே இருந்து, உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இந்த 'எதிரோட்டப் பரிமாற்றம்' வழியாக நல்ல நிலையில் மீன்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகின்றன. நம் நுரையீரல் உள்ளிழுக்கும் ஆக்சிஜனில் கால்பங்கு அளவைத்தான் எடுத்துக்கொள்கிறது.

கண்ணுக்குத் தெரியாத, நாக்குக்கும் தெரியாத இந்த வாயுவை அளக்க வழி சொன்னவர் ஹங்கேரியின் லாயோஷ் விங்க்லர். 1888இல் அந்த முறையை வெளியிட்டபோது அவருக்கு 25 வயது. காற்றுக்குமிழி சேராமல் நிரப்பிய குப்பியில் மாங்கனீசு உப்பும், அயோடைடு கலந்த காரமும் விட வேண்டும். ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் என்றால் வெள்ளைப் படிவு; இருந்தால் பழுப்புப் படிவு. பிறகு அமிலம் விட்டால் படிவு கரைந்து, இருந்த ஆக்சிஜனுக்குச் சரிசமமாக அயோடின் வெளிப்படும். அதில் கொஞ்சம் மாவுக்கரைசல் சேர்த்தால் கருநீலமாகும். அந்த நீலம் மறையும்வரை புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய ஹைப்போ கரைசலைத் துளித்துளியாக விட்டு, எத்தனை மில்லிலிட்டர் செலவானது என்று எண்ணினால் ஆக்சிஜன் அளவு வந்துவிடும். இன்று தண்ணீரில் விட்டதும் எண்ணைக் காட்டும் மின் உணரிகள் வந்துவிட்டன. ஆனாலும் கல்லூரி ஆய்வகங்களில் இன்னும் விங்க்லர் முறையைத்தான் முதலில் கற்றுத்தருகிறார்கள். அந்த நீலம் ஒரே துளியில் மறைவதை ஒருமுறை பார்த்த மாணவருக்கு, தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல என்பது மறக்காது.

அத்தகைய மின் உணரி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு பச்சை மடுவில் இருபத்துநான்கு மணி நேரம் உட்கார்ந்தால் வேடிக்கையான ஒரு கணக்கு வெளிப்படும். மடுவின் பச்சை நிறம் நுண்பாசிகளால் வருவது. பகலில் அவை ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகின்றன. பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மேல்மட்ட நீரில் ஆக்சிஜன் உச்சத்தில் இருக்கும். சில சமயம் அந்தச் சூட்டில் தங்கக்கூடிய அளவையும் தாண்டிக் குமிழியாக வெளியேறும். சூரியன் விழுந்ததும் உற்பத்தி நின்றுவிடும். மூச்சு மட்டும் நிற்காது. பாசியும், மீனும், அடிச்சேற்றில் இலைதழையை மக்கவைக்கும் பாக்டீரியாவும் இரவெல்லாம் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் நேரம் நடுப்பகல் அல்ல. விடியலுக்குச் சற்று முந்தைய நேரம். அடர்ந்த பச்சைக் குளங்களில் விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அவை விளையாடவில்லை, இரை தேடவும் இல்லை. காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மிக மெல்லிய மேல்படலத்தில் மட்டும் கொஞ்சம் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது. அதைச் செவுள் வழியாக ஓட்டுகின்றன.

பாசி கொடுப்பது எவ்வளவு, எல்லா உயிர்களும் சேர்ந்து எடுப்பது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் ஒரு முறை உண்டு. காலையில் ஒரே இடத்துத் தண்ணீரை இரண்டு குப்பிகளில் நிரப்பி, ஒன்றை அப்படியேயும், மற்றதைக் கறுப்பாகச் சுற்றியும் ஒரே ஆழத்தில் தொங்கவிட வேண்டும். மாலையில் இரண்டிலும் ஆக்சிஜனை அளக்கிறார்கள். இருட்டுக் குப்பியில் குறைந்தது மூச்சுக்கான செலவு. தெளிந்த குப்பிக்கும் இருட்டுக் குப்பிக்கும் உள்ள இடைவெளி பாசியின் மொத்த உற்பத்தி. நார்வே நாட்டினர் கார்டெரும் கிரானும் 1927இல் வெளியிட்ட முறை இது. அதிகச் செலவில்லாமல் ஒரு பள்ளி அறிவியல் மன்றமே கொள்ளிடக் கரையில் செய்து பார்க்கலாம்.

இப்போது வெப்பம், ஆக்சிஜன் என்ற இரண்டின் கடிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வெப்பம் விடியலில் குறைவு, பிற்பகலில் உச்சம். ஆக்சிஜனும் விடியலில் குறைவு, பிற்பகலில் உச்சம். மீனுக்கு வேண்டியது குறைந்த வெப்பமும் நிறைந்த ஆக்சிஜனும். இரண்டும் ஒன்றாக வாய்ப்பதே இல்லை! கிடைக்கும் சமரசம், சூரியன் எழுந்து பாசி வேலையைத் தொடங்கியபின், தண்ணீர் சூடேறுவதற்கு முன் உள்ள காலை இரண்டு மூன்று மணி நேரம். மாலையில் ஆக்சிஜன் இன்னும் நிறைந்திருக்க, வெயில் தாழ்ந்து மேல்நீர் சூடு இறங்கத் தொடங்கும் நேரம். பச்சை மடுவில் நாலரை மணி இருட்டிலேயே போய் உட்கார்ந்தவரைவிட ஏழு மணிக்கு நிதானமாக வந்தவருக்குக் கூடுதலாக மீன் படுவது இதனால்தான்.

ஊருக்குத் தெற்கே காவிரியில் கணக்கு வேறு. குடிநீருக்காக மேட்டூரிலிருந்து திறக்கும் தண்ணீர் மெல்லிய ஓட்டமாக மணலில் சலசலத்து ஓடும் நாட்களில், அந்தச் சலசலப்பே காற்றை நீரில் கலந்துகொண்டிருக்கும். அங்கே இரவில் ஆக்சிஜன் பெரிதாக வீழ்வதில்லை. வெப்பம் மட்டும்தான் எதிரி. எனவே ஓடும் தண்ணீரில் விடியலே நல்ல நேரம். ஒரே ஊர், இரண்டு பக்கமும் இரண்டு ஆறுகள், இரண்டு விதிகள்.

அடித்தண்ணீருக்கு வருவோம். தண்ணீர் சூடானால் லேசாகும். லேசான நீர் மேலே மிதக்கும். குளிர் நாட்டு ஏரிகளில் கோடை முழுவதும் மேலே சூடான அடுக்கு, கீழே குளிர்ந்த அடுக்கு, நடுவே வெப்பநிலை சட்டென்று சரியும் ஒரு மெல்லிய பகுதி என்று நிலைத்து நிற்கும். அந்த நடுப்பகுதியை 'வெப்பச் சரிவு அடுக்கு' எனலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில ஏரிகளை ஆண்டுக்கணக்கில் அளந்த எட்வர்ட் பர்ஜும் சான்சி ஜூடேயும் 1911இல் வெளியிட்ட அறிக்கை, மேலும் கீழும் கலக்காததால் அடிநீரில் கோடையில் ஆக்சிஜன் தீர்ந்துபோவதை ஏரி ஏரியாகக் காட்டியது. அந்நாட்டில் வாணலியில் முழுசாகப் பொரிக்கத் தோதான கிராப்பி, ப்ளூகில் போன்ற கையகல மீன்களைக் கோடையில் பிடிப்பவர்கள் இந்த அடுக்கைத்தான் முதலில் தேடுகிறார்கள். அதற்குக் கீழே தூண்டிலை இறக்குவது வீண். மூச்சுவிட முடியாத இடத்தில் மீன் நிற்காது. சரிவு அடுக்குக்குச் சற்று மேலே, கிடைப்பதில் குளுமையான இடத்தில் கிராப்பி கூட்டமாக நிற்கும்.

இரண்டு மூன்று மீட்டரே ஆழமுள்ள கொள்ளிட மடுவில் கோடை முழுக்க நிற்கும் அடுக்கு உண்டாகாது. ஆனால் ஒருநாள் அடுக்கு உண்டாகும். இதற்கு வெப்பநாடுகளுக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. 4 டிகிரித் தண்ணீர் 5 டிகிரி ஆகும்போது அதன் அடர்த்தி மிகமிகக் கொஞ்சமே குறைகிறது. 29 டிகிரித் தண்ணீர் 30 ஆகும்போது அதைப்போல முப்பது மடங்குக்கு மேல் குறைகிறது. எனவே நம் ஊர்ச் சூட்டில் மேலுக்கும் கீழுக்கும் இரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தாலே போதும், இரண்டு நீரும் எளிதில் கலக்காது. காலையிலிருந்து மேல்நீர் சூடாகி, நடுப்பகலில் அடிநீர் மேலிருக்கும் ஆக்சிஜனிலிருந்து துண்டிக்கப்படுகிறது. இரவில் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கி எல்லாம் ஒன்றாகக் கலக்கும். மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

ஆகவே நடுப்பகல் மீன் பெரும்பாலும் நிற்பது அடியிலும் அல்ல, மேலேயும் அல்ல. சூடான மேல்நீருக்கும் மூச்சுமுட்டும் அடிநீருக்கும் இடையே, எங்காவது நிழல் விழும் பக்கமாக, செவுளை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிறது. தக்கையை ஏற்றி இறக்கி ஆழத்தை மாற்றிப் போடும் பழைய தூண்டில்காரர் பகலிலும் ஒன்றிரண்டு மீனை எடுத்துவிடுவதன் சூட்சுமம் இதுதான். தரையில் புழுவைப் படுக்கவைத்தவருக்கு அது வாய்க்காது.

கோடை மழைக்கு மறுநாள் கோயில் குளத்தில் மீன்கள் செத்து மிதப்பதும் இந்த அடுக்குகளின் வேலையாகப் பல நேரம் இருக்கிறது. மேகமூட்டத்தால் பாசியின் உற்பத்தி விழுந்திருக்கும். குளிர்ந்த மழைநீர் மேலே விழுந்து, கனத்தால் இறங்கி, ஆக்சிஜனற்ற அடிநீரையும் சேற்றின் நாற்ற வாயுவையும் ஒரேயடியாக மேலே கிளப்பிவிடும். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊர் பேசும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சந்தேகப்படுவதற்கு முன் ஒரு குப்பித் தண்ணீரை எடுத்து ஆக்சிஜன் அளப்பது நல்லது.

திருவானைக்காவலில் இன்னொரு குளுமையும் உண்டு. ஜம்புகேசுவரர் கோயில் பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரியது. கருவறையில் லிங்கத்தைச் சுற்றி ஊற்று நீர் கசிவதை வழிபடுவோர் அறிவார்கள். இரண்டு ஆறுகளுக்கு நடுவே மணல்மேல் அமர்ந்த தீவு இது. நிலத்தடி நீர் இங்கே வெகு ஆழத்தில் இல்லை. நிலத்தடி நீரின் சூடு, ஓர் ஊரின் ஆண்டு முழுவதற்குமான சராசரிக் காற்று வெப்பத்தை ஒட்டியே இருக்கும். திருச்சிக்கு அது 29, 30 டிகிரி அளவு. பகல் வெயில் 40 டிகிரியை எட்டும் மே மாதத்தில், மணலுக்கடியிலிருந்து மடுவுக்குள் கசியும் ஊற்று, சுற்றியுள்ள மேல்நீரைவிடத் தெளிவாகவே குளிர்ந்தது. மடுவில் இறங்கியவர்களின் கால்கள் அந்த இடத்தை உடனே கண்டுகொள்ளும். மீன்களும் கண்டுகொள்கின்றன. ஆனால் மண்ணுக்குள் கிடந்த ஊற்றுநீரில் ஆக்சிஜன் குறைவாக இருப்பது வழக்கம். அதனால் ஊற்று வாய்க்குள்ளேயே போய் நிற்பதைவிட, ஊற்றுநீரும் மடுநீரும் கலக்கும் ஓரத்தில் நிற்பது மீனுக்குத் தோது. புழுவை அந்த ஓரத்தில் இறக்க வேண்டும்.

மூன்றாவது, வெளிச்சம். மீனுக்கு இமை இல்லை. பெரும்பாலான மீன்களின் கண்பாவை நம்முடையதுபோலச் சுருங்கி விரிவதும் இல்லை. வெளிச்சம் மாறும்போது விழித்திரைக்குள் பகலுக்கான கூம்பு செல்களும் இரவுக்கான கோல் செல்களும் இடம் பெயர்ந்து மாறிக்கொள்கின்றன. இது முடியப் பல நிமிடங்கள் ஆகும். அந்தி நேரத்தில் சின்ன மீன்களின் கண் பாதி மாறிய நிலையில் தடுமாற, மங்கலில் நன்றாகப் பார்க்கும் வேட்டை மீன்கள் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்கின்றன. கெளுத்திக்கோ கண்ணைவிட மீசைதான் பெரிது. அந்த மீசையிலும் தோலிலும் சுவை உணரும் மொட்டுகள் நிறைந்திருக்கின்றன. இருட்டில் புழுவின் வாடையைப் பிடித்து வந்துவிடும். இதற்கு மாறாக, நடுப்பகலில் தெளிந்த ஆழமற்ற நீரில் நிற்கும் மீன், கொக்குக்கும் மீன்கொத்திக்கும் காட்சிப்பொருள். பாலத்தின் நிழலில் நண்பகலிலும் சில மீன்கள் கடிப்பதற்கு நிழலின் குளுமையைவிட அது தரும் மறைவே பெரிய காரணம்.

இதுவரை சொன்ன கணக்கெல்லாம் செவுளை மட்டும் நம்பிய மீன்களுக்கு. மீன் சந்தைக்குப் போனவர்களுக்கு வேறொரு கூட்டம் தெரியும். கெண்டை தண்ணீரை விட்டு எடுத்த சிறிது நேரத்தில் செத்துவிடும். விராலும், குரவையும், தேளியும் அகன்ற அலுமினியப் பாத்திரத்தில் ஒரு சாண் தண்ணீரில் நாள் முழுக்கத் துள்ளிக்கொண்டிருக்கும். அந்த ஒரு சாண் தண்ணீரில் ஆக்சிஜன் எப்போதோ தீர்ந்திருக்கும். அவை மூச்சுவிடுவது நம்மைப் போலக் காற்றை.

விராலின் தலைக்குள், செவுளுக்கு மேலே, இரத்தக் குழாய்கள் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி அதில் அடைத்துக்கொண்டு கீழே போகும். இத்தகைய ஏற்பாட்டைத் 'துணைமூச்சு உறுப்பு' என்பார்கள். பனையேறிக் கெண்டையில் இது மடிப்பு மடிப்பான எலும்புத் தகடுகளாக இன்னும் விரிவானது. அதைப் பற்றி உலகுக்குச் சொன்ன முதல் செய்திகளில் ஒன்று காவிரிப் படுகையிலிருந்தே போனது. தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியில் இருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, நீர்நிலையோரப் பனைமரம் ஒன்றில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததை 1791இல் பார்த்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797இல் அதை வெளியிட்டது. மரமேறும் மீன் என்று ஐரோப்பா வியந்தது. பிறகு வந்தவர்கள் ஐயப்பட்டார்கள். காற்றைச் சுவாசிக்கும் இந்திய மீன்களைப் பற்றி 1927இல் விரிவாக எழுதிய பி. கே. தாஸ், குட்டை வற்றும்போது தரையில் ஊர்ந்துபோகும் இந்த மீனைக் காக்கையும் பருந்தும் கவ்வி மரத்தில் வைத்திருக்கலாம் என்று விளக்கம் தந்தார். ஊர்ந்து செல்வதை யாரும் மறுக்கவில்லை. செவுள் மூடியின் முட்களை ஊன்றி, வாலால் உந்தி, ஈரத்தரையில் அது நகர்வது இன்றும் வயலோரங்களில் கண்ணால் காணக்கூடியது.

காற்றை நம்பிய மீன்களுக்கு அதற்கான விலையும் உண்டு. மேற்பரப்புக்கு வரவிடாமல் நீருக்குள் வலை கட்டி அடைத்தால், வளர்ந்த விரால் நல்ல தண்ணீரிலேயே மூச்சுத் திணறிச் சாகும் என்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நீரில் ஆக்சிஜன் குறையவும் சூடு ஏறவும் அது அடிக்கடி மேலே வர வேண்டும். விரால் பிடிப்பவர்கள் நடுப்பகலிலும் கரையில் காத்திருப்பதும், ஆகாயத்தாமரை ஓரத்தில் ஒரு மென்மையான 'பிளக்' சத்தத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் இரையை வீசுவதும் இதை வைத்துத்தான்.

ஜிலேபியின் கதை தனி. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீனான இது 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளுக்கு மலிவான புரதம் என்பது நோக்கம். அந்த நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கெண்டை தவிக்கும் சூட்டையும் ஆக்சிஜன் பஞ்சத்தையும் இது தாங்கும். ஆண் மீன் மணலில் வட்டக் குழி பறித்துக் காவல் நிற்கும். பெண் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாத்து, குஞ்சுகளையும் வாய்க்குள் ஒளித்துக் காக்கும். கோடை மடுவின் கெடுபிடி அத்தனையும் இதற்குச் சாதகம். மடு வற்ற வற்ற உள்ளூர்க் கெண்டைகள் குறைந்து ஜிலேபியின் பங்கு கூடுவதற்கு உடல் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. வளர்ப்பதற்குத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இதே வகை. அது காற்றையும் சுவாசிக்கும். தூண்டிலில் இந்த இரண்டும் மாட்டினால் எத்தனை வேண்டுமானாலும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆற்றுக்கு அது நன்மையே.

உள்ளூர் மீன்களுக்கு அப்படி அல்ல. 33, 34 டிகிரித் தண்ணீரில் தூண்டிலோடு போராடிய கெண்டை, செயல் இருப்பு முழுவதையும் செலவழித்துவிட்டுத்தான் கரைக்கு வருகிறது. சிறியது என்று அதைத் திருப்பி விடுவதானால் உடனே, ஈரக்கையால், முடிந்தால் காலை வேளையில் விட வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் பத்து மீனோடு அரைமணி நேரம் வைத்திருந்து விட்டால், நீந்திப் போனதுபோலத் தோன்றினாலும் பிழைப்பது கடினம். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டு சுற்றும் விராலைப் பிடித்தால், அந்தக் குஞ்சுகள் அத்தனையும் அன்றே மற்ற மீன்களுக்கு இரை. ஓடாத ஆற்றில் மடு என்பது அடுத்த வெள்ளம் வரை மீன் இனம் தாக்குப்பிடிக்கும் ஒரே இடம். பம்பு வைத்து அதை இறைத்து அள்ளுவதும், பிளீச்சிங் பவுடர் கொட்டுவதும் ஒரு மடுவின் முழு விதையையும் அழிப்பது. தண்ணீரில் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது.

பாசனத்துக்காக மேட்டூர் அணையைத் திறக்க மரபாகக் குறித்த நாள் ஜூன் 12. அணையில் இருப்பு உள்ள ஆண்டுகளில் அந்தத் தண்ணீர், கொள்ளிடம் பிரியும் முக்கொம்பைத் தாண்டிக் காவிரியில் இறங்கிச் சில நாட்களில் கல்லணையை எட்டும். காவிரி மடுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். மீன்கள் எதிரேறத் தொடங்கும். கொள்ளிடத்துக்கு அந்தப் பங்கு கிடையாது. வெள்ளத்தை வடித்துவிடும் ஆறு அது; முக்கொம்பில் உபரி இருந்தால்தான் அந்தப் பக்கம் மதகு திறப்பார்கள். பல ஆண்டுகளில் அதற்கு ஆகஸ்டு வரை ஆகும், சில ஆண்டுகளில் வருவதே இல்லை. தெற்குக் கரையில் புதுத்தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கிலோமீட்டர் சொச்சம் வடக்கே கொள்ளிட மடுவின் மீன்கள் இன்னும் இரண்டு மாதம் அந்தக் காலை மூன்று மணி நேரத்தையும் மாலை இரண்டு மணி நேரத்தையும் நம்பித்தான் இருக்க வேண்டும். தூண்டில் போடுபவர்கள் ஜூலையில் கொள்ளிடப் பக்கத்தைக் கைவிட்டு, காவிரிப் பக்கம் போய்விட்டால் அந்த மீன்களுக்குப் பெரிய உதவி.